செவி, மொழி, பேச்சு

பிறவியிலேயே செவி கேளாத குழந்தையை ‘ஊமை’ என்று அழைத்துவிடுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். அச்சொல் குறையைத் தவறான இடத்தில் சுட்டுகிறது. அக்குழந்தையின் நாவும் இதழும் மிடறும் பெரும்பாலும் நம்முடையவை போன்றே பழுதற்றவை. பழுது செவியில் இருக்கிறது. தான் கேளாத ஒலியை எவரும் திரும்ப ஒலிக்க இயலாது. ஆதலின் பேச்சு பிறக்கவில்லை.

மாணவர்கள் இங்கே மூன்றைப் பிரித்து அறிதல் வேண்டும். ஒலி செவியில் சென்று சேர்வது கேட்டல். பொருளையும் சொல்லையும் உள்ளத்தில் பிணைத்து வைப்பது மொழி. அம்மொழியை வாயொலியாக வெளியிடுவது பேச்சு. பக்கவாதம் கண்ட முதியவர் ஒருவருக்குச் செவி கேட்கும், நாவும் அசையும். வேண்டிய சொல் மட்டும் எழாமல் தவிப்பார். அவரிடம் பழுதுற்றது மொழி. பத்துச் சொற்களைக் கிளிபோல் ஒப்பிக்கும் பிள்ளை, ‘ஏன் அழுகிறாய்?’ என்று கேட்டால் விழிக்கிறது. அதற்குப் பேச்சு வந்திருக்கிறது, மொழி வரவில்லை. ஒரு காப்பகத்திலோ சிறப்புப் பள்ளியிலோ இப்பணிகளை மேற்பார்வை செய்பவர், ஒவ்வொருவரிடமும் இம்மூன்றில் எது எட்டியது, எது எட்டவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியவர்.

தமிழ்நாட்டில் இத்தொண்டு பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் என்னும் அம்மையார் செவி கேளாத பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். அப்பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்காலத்தில் மின்கருவி ஏது? இத்தகைய பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பித்தோர் கண்ணையும் விரலையுமே நம்பினர். உதட்டசைவைப் பார்த்துச் சொல்லை உணர்வது ஒரு வழி. ஆனால் அவ்வழி பாதியிலே நின்றுவிடும். கண்ணாடி முன் நின்று ‘படம்’, ‘மடம்’ என்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மகரத்தின் ஒலி மூக்கின் வழியே வருவதைக் கண் காணாது. ஆகவே ஆசிரியர் குழந்தையின் விரலைத் தம் மூக்கின்மேல் வைத்து அதிர்வை உணர்த்துவார். எழுத்துக்கள் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் பிறப்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. தேர்வுக்கெனப் படித்து மறக்கும் அப்பகுதி, பேச்சுப் பயிற்சியாளருக்கு அன்றாடக் கைநூல் போன்றது.

பேச்சு ஒன்றையே குறியாகக் கொண்டதால் விளைந்த தீங்கும் உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகை மொழியை வகுப்பறையினின்று விலக்கியது. அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவிக்க, 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு வரவேண்டியிருந்தது. என் கருத்தில், எட்டு வயது வரை எம்மொழியும் அறியாத பிள்ளைக்குச் சைகையை மறுப்பது பசித்தவனிடம் இலையைப் பறிப்பதாகும். முதலில் மொழி வேண்டும்.

இத்துறைக்கு முறையான படிப்பு நம் நாட்டில் வேரூன்றியது பின்னரே. மைசூரில் 1965-இல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் தோன்றியது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், தகுதி பெற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என விதித்தது. தம் கீழ்ப் பணியாற்றுவோரின் பதிவு உயிருடன் இருக்கிறதா என்று பார்ப்பதும் மேற்பார்வையாளரின் கடமை. அதனினும் நுட்பமான கடமை காலை வேளையில் தொடங்குகிறது.

காதொலிக் கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் அது வெறுங்கருவியாகக்கூட இராது. காதை அடைக்கும் தக்கையாகிவிடும். முன்பு சிறிது கேட்டதும் கேளாது போகும். பிள்ளையோ அதைச் சொல்ல அறியாது. இதற்கென டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. ஆசிரியர் தம் வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாக ஒலிப்பார். கேட்ட போதெல்லாம் குழந்தை ஒரு மணியைக் கிண்ணத்தில் இடும். ‘ம்’, ‘ஊ’ தாழ்ந்த சுருதியைச் சார்ந்தவை. ‘ஸ்’ மிக உயர்ந்தது. பேச்சின் வீச்சு முழுவதும் இவ்வாறில் அடங்கும். நேற்று ‘ஸ்’ கேட்ட பிள்ளைக்கு இன்று கேட்கவில்லையெனில், காது அச்சின் குழாயில் ஈரம் படிந்திருக்கலாம்; செவியில் குறும்பி அடைத்திருக்கலாம்; சளியால் நடுச்செவியில் நீர் கோத்திருக்கலாம். பின்னைய இரண்டுக்கும் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். நாள்தோறும் குறிக்கப்படும் இச்சிறு ஏட்டை மேற்பார்வையாளர் படிக்காவிடில், ஒரு பிள்ளை வாரக்கணக்கில் அடைத்த செவியுடன் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் பள்ளிப் பணியில் இருவகை ஆய்வாளர்களைக் கண்டதுண்டு. ஒருவர் வருகைப் பதிவேட்டை எண்ணுவார். மற்றவர் கடைசிப் பலகையில் அமர்ந்து ஒரு பையனிடம் ஒரு வினாக் கேட்பார். ‘இம்மாதம் இருபது பயிற்சிகள் நடந்தன’ என்ற கணக்கு முதல்வகைக்குப் போதும். ‘குழந்தை யாரும் தூண்டாமல் தானாகச் சொன்ன சொல் எது?’ என்று கேட்பவரே இங்கு வேண்டப்படுபவர்.

காலமும் இவருக்கு ஒரு கண்டிப்பான எசமானர். பிறந்து ஒரு மாதத்திற்குள் செவியைச் சோதித்து, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்து, ஆறு மாதத்திற்குள் பயிற்சி தொடங்குதல் நன்று என்பது உலக வல்லுநர் வகுத்த அளவு. எங்கள் திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்துப் பயணம் சிறிதுதான். ஆயினும் வயற்கூலி வேலை செய்யும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாட்கூலி. அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் இளங்குழந்தைகள் பலர்க்குக் காக்ளியர் உள்வைப்பு அறுவை இலவசமாகச் செய்யப்பட்டுள்ளது. அறுவை சில மணி நேரத்தில் முடியும். கேட்கக் கற்பது ஆண்டுக்கணக்கில் நடக்கும். இடையில் கம்பி அறும், மின்கலம் தீரும். ஆதலின் தாயையே ஆசிரியையாக்குவது மேற்பார்வையாளரின் தலையாய வேலை. சென்னையில் 1969-இல் தொடங்கிய பாலவித்யாலயா, தாயையும் உடன் அமர்த்தியே சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டியது. அரிசி களையும்போதும் ஆட்டுக்குத் தழை போடும்போதும் அவள் பேசும் பேச்சே பாடம்.

இவ்வாறு பயின்ற குழந்தை ஊர்ப் பள்ளியில் சேரும்போது, வகுப்பாசிரியர்க்கு ஒரு கடிதமும் உடன் செல்லவேண்டும். எச்செவி நன்கு கேட்கிறது, எப்பக்கம் அமர்த்தவேண்டும், மின்கலம் மாற்றுவது எப்படி என்பவை அதில் இருக்கும். கரும்பலகையை நோக்கியவாறு பேசினால் இப்பிள்ளைக்குச் சொல் சென்று சேராது என்பதும், பக்கத்தில் இருக்கும் மாணவன் தன் குறிப்பேட்டைச் சற்றே இவன் பக்கம் திருப்பி வைக்கலாம் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும்.