நாற்பத்து மூன்று வயதில் ஒரு விமானி உரிமம்

காலை ஆறரை மணி. கிளை திறக்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. பணிமாற்றலில் நாம் சென்று சேர்ந்திருந்த மத்திய இந்திய நகரமொன்றின் சிறிய விமானத் திடலில், செஸ்னா 152 ரக விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து நின்றிருந்தோம். எரிபொருள் கலனின் அடியிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் குவளையில் வடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தோம். வெளிர்நீல நிறம், அடியில் நீர்த்துளி எதுவும் இல்லை.

விமானப் பெட்ரோலுக்கு நீலச்சாயம் ஊட்டப்படுவது, வேறு எரிபொருளோடு அதை மாற்றி எண்ணிவிடாதிருப்பதற்காக. பெட்ரோலைவிட நீர் கனமானது என்பதால், இரவுக் குளிரில் கலனுக்குள் படிந்த ஈரம் அடியில் தங்கும். அது இயந்திரத்துக்குள் சென்றால் வானத்தில் இயந்திரம் நின்றுவிடக்கூடும். எனவே ஒவ்வொரு நாளும் முதல் பறத்தலுக்கு முன் இந்தச் சோதனை உண்டு. நேற்று சரியாக இருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது. பணப்பெட்டகத்தை இரு சாவிகளால் திறந்து, நேற்று எண்ணிய பணத்தை இன்று மீண்டும் எண்ணும் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்த நமக்கு, அந்த முதல் பாடம் அந்நியமாகத் தோன்றவில்லை.

யார் பறக்கலாம்?

விமானம் ஓட்டுவது விமானப்படையினருக்கும் விமான நிறுவன ஊழியருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நமக்கும் இருந்தது. வணிகவியல் படித்தவருக்கு இயற்பியல் பாடம் பள்ளியோடு முடிந்துபோகிறது. வானம் அதோடு மூடப்பட்டுவிட்டதாகவே நினைத்திருந்தோம்.

உண்மை அதுவன்று. சம்பளத்துக்காக அன்றி, தம் மகிழ்ச்சிக்காகப் பறக்க விரும்புவோருக்கென்றே தனியார் விமானி உரிமம் என்ற ஒன்று உள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 17 வயது நிறைவும் இதற்குப் போதும். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இதை வழங்குகிறது. பயிற்சிக் காலத்தில் தனியே பறப்பதற்கு மாணவர் விமானி உரிமம் வேண்டும். அதற்கு 16 வயது போதுமானது. இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண், காது, இதயம் ஆகியவற்றைச் சோதித்து இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று பெற வேண்டும். வான்வழி விதிகள், வழியறிதல், வானிலையியல், விமானமும் இயந்திரமும் ஆகிய பாடங்களில் தேர்வு உண்டு. பறத்தல் நேரம் குறைந்தது 40 மணி. அதில் ஒரு பகுதியைத் தனியாகப் பறந்தே நிறைவுசெய்ய வேண்டும். தன்னந்தனியாக 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர், பறந்து வழியில் இரு வேறு விமானத் திடல்களில் இறங்கிச் செல்லும் ஒரு பயணமும் அதில் அடங்கும்.

இந்த ஆசைக்கு நம் நாட்டில் நீண்ட மரபு உண்டு. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாட்டா 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பெற்றார். அப்போது அவருக்கு வயது 24. 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் சுமந்து பறந்த அவர், ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982-இல், தமது 78-ஆம் வயதில் அதே வழியில் மீண்டும் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். 1936-இல் லாகூரில், 21 வயதே ஆன சரளா தக்ரால், கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய ஒரு மகளுக்குத் தாயாக, சேலை அணிந்து ஜிப்சி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தார். இவர்களைப் பற்றிப் படித்த பின், நாற்பத்து மூன்று வயது என்பது ஒரு காரணமாகவே நமக்குப் படவில்லை.

பணமும் கையொப்பமும்

வங்கியாளர் என்ற முறையில் முதலில் கணக்கைப் பார்த்தோம். பயிற்சிக் கட்டணம் பறக்கும் மணிக்கேற்ப வசூலிக்கப்படுகிறது. மணிக்கு 15,000 ரூபாய் என வைத்துக்கொண்டால் 40 மணிக்கு 6 லட்சம் ரூபாய். நடைமுறையில் பலருக்கு 40 மணி போதாது. ஐம்பது மணிக்குத் திட்டமிடுவதே விவேகம். மருத்துவச் சோதனை, தேர்வு, தங்குமிடம் ஆகியவை தனி.

தொழில்முறை விமானிப் பயிற்சிக்குக் கல்விக்கடன் திட்டங்களில் இடமுண்டு. வருமானம் ஈட்டித் தராத பொழுதுபோக்கு உரிமத்துக்குக் கடன் வாங்குவது முறையன்று. நாம் ஆறு ஆண்டுகள் தொடர் வைப்புக் கணக்கில் சேமித்தோம். மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கட்டாமல் பத்து மணி, பத்து மணியாகக் கட்டினோம். பயிற்சி இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெற்றோம். வாசகர்களுக்கும் இதையே பரிந்துரைப்போம். மற்றொன்றும் முக்கியம்: தனிநபர் விபத்துக் காப்பீட்டுப் பத்திரங்கள் பொதுவாகக் கட்டணம் செலுத்திய பயணியாகப் பறப்பதை மட்டுமே ஏற்கும். விமானியாகப் பறப்பதை முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, பத்திரத்தின் விலக்குகளைப் படித்துவிட வேண்டும்.

பயிற்சிக் கழகத்தின் பொறுப்பேற்புப் படிவத்தில் குடும்பத்தார் கையொப்பமும் கேட்டிருந்தார்கள். எத்தனையோ பேரின் மனைவியரை எதிரில் அமர்த்தி உத்தரவாதப் பத்திரங்களில் கையொப்பம் வாங்கியிருக்கிறோம். அன்று நம் வீட்டு உணவு மேசையில் நம் மனைவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “எப்படி மேலே போவீர்கள் என்று நான் கேட்கவில்லை. சரியில்லை என்று தெரிந்தால் திரும்பிவிடுவீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.” திரும்பிவிடுவோம் என்றோம். கையொப்பமிட்டார்.

தரையிறங்கும் கலை

நம் பயிற்றுநருக்கு வயது இருபத்தேழு. நம்மைச் ‘சார்’ என்பார். நாம் அவரை ‘மேடம்’ என்போம். முதல் சில மணிகளில் அவர் கற்பித்தவை பெரும்பாலும் நம் இயல்புக்கு எதிரானவை. காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மிஞ்சினால் இறக்கையின் மேற்பரப்பிலிருந்து காற்றோட்டம் பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை குறைந்து விமானம் தாழ்கிறது. விழுகிறோம் என்று உணரும்போது மனிதக் கை தானாகவே மூக்கை மேலே இழுக்கத் துடிக்கும். செய்ய வேண்டியதோ மூக்கைத் தாழ்த்துவது. மீண்டும் மீண்டும் செய்து பார்த்த பிறகே கை அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டது.

வானிலையியலும் ஏட்டுப்பாடமாக நிற்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் காற்று சூடாகி அடர்த்தி குறையும்போது, இறக்கையின் வலுவும் இயந்திரத்தின் வலுவும் ஒருங்கே குறைகின்றன. காலை ஆறரைக்கு எளிதில் எழும்பிய அதே விமானம் பத்து மணிக்கு ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓடியது. எனவே விடுமுறை நாளாயினும் விடியலிலேயே எழுந்தோம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் ஞாயிறுகளும் இப்படியே கழிந்தன.

தரையிறங்குவதுதான் பெரும் சோதனை. 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கி, தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்ல உயர்த்த வேண்டும். நாம் அவசரப்பட்டோம், விமானம் தரையில் மோதித் துள்ளியது. “சார், அதைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். தரைக்கு மேலே பிடித்துக்கொண்டே இருங்கள், வேகம் குறைந்ததும் அதுவே உட்காரும்” என்றார் பயிற்றுநர். அணுகுமுறை பிசகினால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு, முழு வலுவையும் கொடுத்து மேலே ஏறி, மறுபடி சுற்றிவர வேண்டும். ஆரம்பத்தில் அதைத் தோல்வியாகவே கருதினோம். ஒரே காலையில் மூன்று முறை அப்படிச் சுற்றி வந்தபோது, முகம் வாடியிருந்த நம்மிடம் அவர் சொன்னார்: “இன்றைக்கு மூன்று முடிவுகளைச் சரியாக எடுத்திருக்கிறீர்கள்.”

பத்தொன்பதாவது மணியின் முடிவில் அவர் விமானத்திலிருந்து இறங்கி, கதவைச் சாத்தி, கையசைத்து நடந்துவிட்டார். வலப்புற இருக்கை காலியாயிற்று. ஒருவரின் எடை குறைந்ததால் விமானம் எதிர்பார்த்ததைவிட விரைவாக எழுந்தது. ஆயிரம் அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாகப் பறந்தபோது கீழே கோதுமை வயல்கள் பொன்னிறமாக இருந்தன என்று சொல்ல ஆசை. உண்மையில் நாம் வயலைப் பார்க்கவே இல்லை; சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம்.

பாதி வழியில்

தனி நெடும்பயணம் ஒரு குளிர்கால ஞாயிறன்று அமைந்தது. வரைபடத்தில் கோடிட்டு, திசையும் நேரமும் எரிபொருளும் கணக்கிட்டு, பயிற்றுநரிடம் கையொப்பம் பெற்றுப் புறப்பட்டோம். வானிலை அறிக்கை சாதகமாகவே இருந்தது. முப்பத்தைந்து நிமிடங்கள் எல்லாம் கணக்கின்படி நடந்தன. அதன்பின் எதிரில் பனிமூட்டம் திரளத் தொடங்கியது. தரையைப் பார்த்து வழியறிந்து பறப்பவருக்குப் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அடையாளமாக வைத்திருந்த ஆறு தெரியவில்லை, தொடுவானம் கரைந்துகொண்டிருந்தது. அடிவானம் தெரியாதபோது, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத விமானி சில நிமிடங்களில் மேல் எது, கீழ் எது என்று தடுமாறக்கூடும்.

இன்னும் பத்து நிமிடங்கள் போய்ப் பார்க்கலாமே என்று மனம் வாதாடியது. இந்த ஒரு பயணம் முடிந்தால் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இத்தனை மணிக்குப் பணம் கட்டியாயிற்று. திரும்பினால் மீண்டும் முதலிலிருந்து. அப்போதுதான் ஒன்று உறைத்தது: செலவழிந்துவிட்ட பணத்தை வைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று வணிகவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். நலிந்த தொழிலில் மேலும் மேலும் பணம் போடுகிற வாடிக்கையாளருக்கு அதையே எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். உணவு மேசையில் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது. வானொலியில் தெரிவித்துவிட்டு, விமானத்தைத் திருப்பினோம்.

தரையிறங்கியபோது பயிற்றுநர் திடலின் ஓரத்தில் நின்றிருந்தார். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்கவில்லை. பறத்தல் குறிப்பேட்டை வாங்கி, நேரத்தைச் சரிபார்த்துத் தம் கையொப்பத்தை இட்டார். வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னோம். மனைவி அடுப்பிலிருந்து தோசையை எடுத்துத் தட்டில் வைத்தபடி, “அடுத்த முறை என்னையும் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்றார்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வானம் தெளிந்திருந்தது. பயணம் நிறைவுற்றது, சில மாதங்களில் உரிமமும் கைக்கு வந்தது. உறவினர்கள் வாழ்த்தியபோது அனைவரும் அந்த உரிமத்தையே பார்க்கக் கேட்டார்கள். நாம் குறிப்பேட்டையும் சேர்த்துக் காட்டுவது வழக்கம். அதில் பாதியில் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவும், மற்றப் பதிவுகளைப் போலவே ஒரு வரியில் இருக்கிறது.

பறக்க வேண்டும் என்ற ஆசையை நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கும் வாசகர்கள் முதலில் மருத்துவச் சோதனையைச் செய்துகொள்ளட்டும். அதன்பின் சேமிப்புக் கணக்கைத் தொடங்கட்டும். வயதைப் பற்றிய கவலை இறுதியாக வரட்டும்.