ஒன்ஸ்மோர் கேட்கும் உரிமை

பிரகாஷ்ராஜ் வாயைத் திறப்பதற்குள் அரங்கமே ‘செல்லம்’ என்கிறது. 2004இல் வந்த ‘கில்லி’, 2024 ஏப்ரல் 20 அன்று மீண்டும் வெளியானபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இதுதான் நடந்தது. வசனம், சண்டை எல்லாம் மனப்பாடம். ‘அப்படிப் போடு’ தொடங்கியதும் திரைக்கு முன்னாலிருந்த இடமெல்லாம் ஆட்டம். படம் வந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகளும் வரி விடாமல் பாடினார்கள்.

இதைக் கலாட்டா என்று முகம் சுளிப்பவர்கள் திருப்பனந்தாள் பக்கமும் உண்டு. அவர்கள் நம் தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கும். ‘பிரகலாத சரித்திரம்’ விடிய விடிய ஓடும். நரசிம்மராக வருபவர் விரதமிருந்து முகமூடி அணிவார். இரணியனைக் கண்டு அவர் ஆவேசமாகப் பாயும்போது, பக்கத்திலிருப்பவர்கள் பிடித்து இழுத்து நிறுத்துவார்கள். பார்க்க வந்த கூட்டம் கைகூப்பி நிற்கும். அங்கே யாரும் வெறும் பார்வையாளர் இல்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் நம் ஜனங்கள் டூரிங் டாக்கீஸுக்கும் போனார்கள். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து, வில்லனைத் திட்டினார்கள். பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். கடல் கடந்தும் இதே கதைதான். நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் 1976 முதல் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’வின் நள்ளிரவுக் காட்சிகள் பெயர்பெற்றன. அதில் கல்யாணக் காட்சி வந்தால் ரசிகர்கள் அரிசியை வீசுவார்கள். அட்சதை போட்டு வளர்ந்த நெல் சீமைக்கு இதில் என்ன அதிசயம்?

கூட்டத்துக்குப் படத்தை மீட்கும் பலமும் உண்டு. சோழ வாரிசுகளைத் தேடிப் போகும் செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது பலருக்குப் பிடிபடவில்லை. அதே படம் 2021 டிசம்பர் 31 அன்று திரும்பி வந்தபோது கைதட்டலோடு வரவேற்றார்கள். ரசிகர்களின் நினைவாற்றல்தான் அதைக் காப்பாற்றியது.

ஆனால் 2023 ஜனவரியில், சென்னையில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தின்போது லாரியிலிருந்து விழுந்து ஒரு ரசிகர் இறந்துபோனார். அதற்குப் பின் வந்த பெரிய படங்களுக்குக் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. அந்தக் கட்டுப்பாடு சரியானதே.

கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிப் பழைய படம் பார்க்கப் போகும் தம்பிகளே, விசிலடியுங்கள், கூடவே பாடுங்கள். சூடமும் பட்டாசும் அரங்குக்குள் வேண்டாம். குடும்பத்தோடு வந்திருக்கும் பெண்களும் எழுந்து ஆட இடம் விடுங்கள்.