தாழி தென்பட்டால் கடப்பாரையைக் கீழே வையுங்கள்

கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு செம்மண் கொல்லை. பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி இறக்கியிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள், இறந்தவர்களைப் புதைத்த பழைய தாழிகள் மூன்று உடைந்துவிட்டன. கட்டைவிரல் தடிமனுக்கு விளிம்பு, அதன் கீழே விரலால் அழுத்திய வரிசை. பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்களின் ஓடுகள். ஒருவர் தாழிக்குள் இருந்த மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார், தங்கம் கிடைக்கும் என்று. சல்லடையில் நின்றவை இரண்டு எலும்புத் துண்டுகளும் துருவேறிய ஓர் இரும்புத் துண்டும்தான். அவற்றையும் வீசிவிட்டார். கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டேன். "பழைய பானைதானே சார், அதுக்கு என்ன இப்ப?" என்றார்.

அந்தச் சலித்த மண்ணுக்குள் என்ன இருந்திருக்கும் என்பதற்குச் சிவகளையே சாட்சி. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு நெல் இருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அதை அறிவித்தார். நெல்லை நம்பிப் பிழைக்கும் தஞ்சாவூர்க்காரர்கள் நாம். நம்முடைய பழைய நெல்லைச் சல்லடையில் போட்டுச் சலித்துக் கொட்டுகிறோம்.

பெருங்கற்காலச் சின்னங்களைப் பார்க்கக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வர வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் போகிறவர்களில் பலர் செய்வதும் மேலே சொன்ன கொல்லைக்காரர் செய்ததற்கு வெகுதூரத்தில் இல்லை.

முதலில் எங்கே போவது? காவிரியின் வண்டல் மண்ணில் கல் கிடையாது. அதனால் டெல்டாவுக்குள், புதைகுழியைச் சுற்றிக் கல் வைத்த கல்வட்டம் தேடி அலைய வேண்டாம். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் தாழிகள். கல்வட்டமும், கற்பலகைகளால் அமைத்த கல்பதுக்கையும் பார்க்க வேண்டுமானால் வல்லம் தாண்டித் தெற்கே, புதுக்கோட்டைச் சீமைக்குப் போக வேண்டும். சித்தன்னவாசல் நல்ல தொடக்கம். ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையைச் சுற்றியுள்ள காட்டில் ஈமக்குழிகள் இருப்பதைக் கேட்பாரே இல்லை. திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். தாழி எப்படி இருக்கும் என்று கண்ணில் பதிந்தால்தான் வெளியில் கிடப்பது தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று கிளம்பாதீர்கள். தையிலிருந்து பங்குனிக்குள், காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. முள்ளும் பாம்பும் உண்டு, செருப்போடு போகாமல் ஷூ போட்டுப் போங்கள்.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. "பழைய இடம்தானே, யார் கேட்பார்கள்" என்று நுழைந்துவிடுகிறோம். கல்வட்டம் இருக்கும் இடம் பட்டா நிலமாக இருக்கலாம், புறம்போக்காக இருக்கலாம், காப்புக்காடாக இருக்கலாம். பட்டா என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். தமிழக அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டால் அ-பதிவேட்டு விவரம் வீட்டிலேயே வந்துவிடும். பத்து நிமிட வேலை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் நீலப் பலகை இருக்கும். அங்கே சிதைத்தாலோ, பெயர் கிறுக்கினாலோ 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலகை இல்லாத இடத்தில் மட்டும் எடுக்கலாமா? கூடாது. ஓடு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். "ஞாபகத்துக்கு ஒன்றே ஒன்று" என்று பிள்ளைகள் கேட்பார்கள்; கொடுக்காதீர்கள். மண்ணைக் கிளறாமல் படம் மட்டும் எடுங்கள். சிங்கப்பூர், துபாய் திரும்பும் உறவினர் பையில் போட்டுக் கொடுத்துவிடுவது இன்னும் ஆபத்து. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டு சிறை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் வயலிலோ, குளம் தூர்வாரும்போதோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ தாழி தென்பட்டால் என்ன செய்வது? ஊரில் மதமதக்கத் தாழி என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே கைவிடாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் மண் அணையுங்கள். மூடுமுன் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து மூன்று படம், தூரத்தில் நின்று மரமோ கரண்ட் கம்பமோ தெரியும்படி ஒரு படம். செல்போன் வரைபடத்தில் அந்தப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுத்து மூலம் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது சொல்லாததற்குச் சமம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. என்ன பொருள், எத்தனை அல்லது தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி: கடிதத்தில் இந்த நான்கும் இருக்க வேண்டும். கிராமம், புல எண், நிலம் யார் பெயரில், படங்கள் இவற்றையும் சேருங்கள். ஆட்சியருக்கு எழுதிய அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போய் அங்கே கொடுங்கள், ரசீது தருவார்கள். இன்னொரு பிரதியைச் சென்னை எழும்பூர், ஆல்சு சாலை, தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ள தமிழ்நாடு தொல்லியல் துறை ஆணையருக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது; படங்களைக் காட்டினால் இன்னது என்று சொல்லக்கூடிய ஆட்கள் அங்கே உண்டு.

அப்புறமும் அசைவில்லையா? பத்து ரூபாய் செலவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு யாரிடம் இருக்கிறது, எடுத்த நடவடிக்கை என்ன? முப்பது நாளில் பதில் தர வேண்டும். இந்த ஒரு தாள் செய்யும் வேலையை நூறு போன்கால் செய்யாது.

மக்கள் மறைப்பதற்குக் காரணம் பயம். சொன்னால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிறார்கள். புதையல் சட்டம் நிலத்தைத் தொடுவதே இல்லை. உரிமை கோர யாரும் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது அதன் பொது விதி. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மாறாக, மறைத்தால் அந்தப் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஓர் இடத்தை மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க நினைத்தாலும் முதலில் அறிவிக்கை வெளியிட்டு இரண்டு மாதம் ஆட்சேபனைக்கு அவகாசம் கொடுத்தாக வேண்டும். மறைக்காதீர்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூர் இருக்கிறது. 2006-ல் ஒரு பள்ளி ஆசிரியர் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டியபோது வழவழப்பான கற்கோடரி ஒன்று கிடைத்தது. தூக்கி எறியாமல் தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் கொடுத்தார். அதிலிருந்த கீறல்களைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளிக் குறியீடுகள் என்று படித்தார். பிறகு துறையே அந்த ஊரில் அகழாய்வு நடத்தியது. வீட்டுக் கொல்லையில் ஒருவர் காட்டிய நிதானம் அத்தனைக்கும் ஆரம்பம்.

கிராவல் குவாரிக்காரர்கள் கல்வட்டத்தைத் தள்ளுவதைப் பார்த்தால் சண்டைக்குப் போகாதீர்கள்; தனியாக நின்று வாக்குவாதம் வேண்டாம். தூரத்திலிருந்து படம், வண்டி எண், புல எண். மனு ஆட்சியருக்கு, நகல் அதே வளாகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநருக்கு. அன்றே கொடுங்கள், மறுநாள் போனால் அங்கே பள்ளம்தான் இருக்கும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நூறு நாள் வேலைக்கும் தூர்வாரும் பணிக்கும் ஆள் இறக்குமுன், ஜேசிபி ஓட்டுநருக்கும் மேஸ்திரிக்கும் தாழியின் படத்தைக் காட்டி "இது வந்தால் நிறுத்து" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்த ஓர் அலுவலகத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

வரும் கோடையில் குளங்கள் வற்றும், வண்டிகள் இறங்கும். மனு எழுதத் தாளும் பேனாவும் இப்போதே எடுத்து வையுங்கள். தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் ஆட்சியர் அலுவலக மனு நாள் திங்கட்கிழமை.