அளவுகோலிலும் பிழை உண்டு

திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளக்குமுன் சுழிப்பிழையைப் பார்க்கிறீர்கள் அல்லவா? மருத்துவர்களின் அளவுகோலுக்கும் இச்சோதனை தேவை.

மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் நோயன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 8 பேர் சிறுவர்கள். 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வரும் சிறுவர்களே. பின்வந்த ஆய்வுகளிலும் சிறுவர்களே மிகுதி. எனவே, அறிகுறிப் பட்டியல்கள் பெரும்பாலும் அவர்களைப் பார்த்தே அமைந்தன.

விளைவு என்ன? ஆட்டிசம் உள்ள சிறுமி, தோழியரின் பேச்சையும் சிரிப்பையும் கவனித்து, அவ்வாறே நடந்து சமாளித்துவிடலாம். "கூச்ச சுபாவம்" என்று பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். அவளுக்குரிய உதவி பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

2017-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணிய ஆய்வுகளில், ஒரு பெண்ணுக்கு நான்குக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தனர். மக்களிடையே நேரில் தேடிய ஆய்வுகளிலோ அந்த எண்ணிக்கை மூன்றைச் சற்றே தாண்டியது. தேடியபோது கிடைத்த சிறுமிகள், தேடாதபோதும் இருந்தவர்கள்தானே!

மாணவர்களே, ஒரு கருவி "இல்லை" என்று காட்டினால், பொருள்தான் இல்லையா, கருவிக்குத்தான் தெரியவில்லையா என்று கேளுங்கள். அக்கேள்வியும் அறிவியலே.