அதே கரடி

காது தொங்கி, மூக்கு தேய்ந்து, வயிற்றுத் தையல் வழியே பஞ்சு எட்டிப் பார்க்கும் கரடி பொம்மை பல வீடுகளில் உண்டு. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்" என்றால் குழந்தை அலறும். அதே நிறத்தில் அதே கரடியை வாங்கி வந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறோம். அது பிடிவாதம் இல்லை.

புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு பெட்டிகளைக் காட்டி, ஒன்றில் ஒரு பொருளை வைத்தால் மற்றதில் அதேபோல இன்னொன்று உருவாகும் என்று நம்பவைத்தார்கள். சாதாரண விளையாட்டுச் சாமான் என்றால் குழந்தைகள் புதியதை ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையைக் கேட்டபோது கதை மாறியது. சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. வைத்தவர்களிலும் பெரும்பாலோர் பழையதைத்தான் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தப் பொம்மைக்குள் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள்.

பிரிட்டனின் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் இதற்கு முன்பே, 1950-களின் தொடக்கத்தில், இத்தகைய பொம்மைகளைப் பற்றி எழுதியிருந்தார். பொம்மை அழுக்காகி நாற்றமடித்தாலும் தாய்மார் உடனே துவைப்பதில்லை. துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஓர் அறுபடல் நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்றார். வாசனையும் பொம்மையின் ஒரு பகுதிதான்.

ஆனால் துவைக்காமலே விடவும் முடியாது. தூசிப் பூச்சிகள் அதில் குடியேறும். அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அவற்றின் எச்சத்திலுள்ள புரதம்தான் மூக்கொழுகலையும் இளைப்பையும் தூண்டுகிறது. 60 டிகிரி வெந்நீரில் அவை செத்துவிடும். சிக்கல் என்னவென்றால், பொம்மையின் புசுபுசு ரோமம் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். பாலியஸ்டர் சுமார் 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்; வெந்நீரின் சூடு சற்றுக் கூடினாலே ஆபத்து. இளகிய இழைகள் வளைந்து, ஒன்றோடொன்று சிக்கி, ஆறும்போது அந்த நிலையிலேயே இறுகிவிடும். கொதிநீரும் இஸ்திரிப்பெட்டியும் ரோமத்தைச் சடையாக்குவது இதனால்தான். அப்படிச் சடையானதை எத்தனை சீவினாலும் பழையபடி வராது.

இதற்கு வழி ஃப்ரீசரில் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க வைத்தால் பூச்சிகள் குளிரில் மடியும். எச்சம் குளிரில் போகாது. அதற்குப் பிறகு தண்ணீரில் அலசித்தான் ஆகவேண்டும். பிழியாமல், துண்டில் சுற்றி அமுக்கி நீரை எடுங்கள். காதைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் நீரின் கனம் தையலை இழுக்கும். வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளியே காய்ந்துவிட்டது போலத் தோன்றினாலும் உள்ளே பஞ்சு இழைகளின் இடுக்கில் ஈரம் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பது அங்கேதான்.

  

பிரிந்த வயிற்றைத் தைக்க ஏணித் தையல் போதும். ஊசி ஒரு பக்க மடிப்புக்குள் சிறிது தூரம் ஓடி, எதிர்ப் பக்க மடிப்புக்குத் தாவும். இழுக்கும்வரை நூல் ஏணிப்படிபோல் தெரியும். இழுத்ததும் இரு விளிம்புகளும் உள்ளே மடங்கி, நூல் மறைந்துவிடும். இழுவிசையும் எல்லாப் படிகளுக்கும் பிரிந்து போகும். சிசேரியனுக்குப் பின் தோலுக்கடியில் போடும் மறைதையலும் ஏறக்குறைய இதே கைவேலைதான். பஞ்சு அமுங்கியிருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம். நிறைய திணித்தால் கரடி புதிதாகத் தெரியும். குழந்தையின் கைக்குப் பழகிய அந்தத் தொய்வு போய்விடும்.

பழைய தோற்றம் மாறாமல் சீர்செய்யப்பட்ட புகழ்பெற்ற கரடி ஒன்று உண்டு. 1921-இல் எழுத்தாளர் மில்னின் மகன் கிறிஸ்டோபர் ராபினின் முதல் பிறந்தநாளுக்கு லண்டன் ஹாரட்ஸ் கடையில் வாங்கப்பட்ட கரடிதான் அவருடைய குழந்தைக் கதைகளின் 'வின்னி-த-பூ' ஆனது. இப்போது அது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் துணிக் காப்பு வல்லுநர்கள் அதைச் சீர்செய்து திரும்பக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் கைபட்டுத் தேய்ந்த கரடி, தேய்ந்த கரடியாகவே இன்றும் கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்ந்திருக்கிறது.