உலை வைத்த வீடுகள்

கொஸ்லந்தை மீரியபெத்த என்றால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அன்று காலை மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அதே தெற்கு மலைச்சரிவுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. அது இரும்பின் கதை. கொஸ்லந்தையிலிருந்து பெரகலைக்கு ஏறி, ஹல்துமுல்லை வழியாகப் பெலிஹுல்ஓயா, பலாங்கொடைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கதையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

சரந்தீப் என்றதும் நம்மவர்கள் மாணிக்கம், கறுவா, பாவா ஆதம் மலை என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அறபு அறிஞர் அல்கிந்தி நான்காவதாக ஒன்றைச் சொல்கிறார். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அப்பாஸிய கலீபா அல்முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதியவர் அவர். எந்த உருக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது, வாளின் மேல் தெரியும் நீரோட்டம் போன்ற வரிகளை எப்படிப் படிப்பது என்று வகை பிரிக்கும் அந்த நூலில் சரந்தீப் உருக்கும் இடம் பெறுகிறது. சரந்தீபிலேயே அடித்த வாள்களும் உண்டு. இங்கிருந்து போன உருக்கைக் குராஸானில் அடித்ததும் உண்டு. தத்துவ ஞானி என்று நாம் படித்த மனிதர் கொல்லன் பட்டறையில் நின்று கேட்டு எழுதியதுபோல எழுதியிருக்கிறார்!

அந்த உருக்கு எங்கே காய்ச்சப்பட்டது? நெடுங்காலம் இதற்கு யாரிடமும் பதில் இல்லை. வளவை கங்கையை மறித்துச் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டத் தொடங்கியபோது, நீரில் மூழ்கப்போகும் நிலத்தைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் நடந்து நடந்து ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய மலைமுகடுகளில் 70இற்கும் மேற்பட்ட இடங்களில் உலைகள் இருந்த அடையாளங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அல்கிந்தியின் காலம் அதற்குள்தான் வருகிறது.

அந்த உலைகளுக்குத் துருத்தி கிடையாது. ஆனி முதல் ஆவணி வரை அடிக்கும் தென்மேற்குக் காற்று, கிழக்கில் கச்சான் என்போமே, அதுதான் துருத்தி. உலையின் முன்சுவர் நீளமாக, காற்றைப் பார்த்தபடி இருக்கும். காற்று அந்தச் சுவரின் உச்சியைத் தாண்டும்போது அங்கே அழுத்தம் குறையும். அதனால் அடியிலுள்ள மண்குழாய்கள் வழியாக உலை தானாகவே மூச்சிழுக்கும். “வெறும் காற்றில் இரும்பு காயுமா?” என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1994இல் அதே இடத்தில் உலை கட்டிக் காய்ச்சிப் பார்த்தார்கள். நல்ல உருக்கே வந்தது. 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகை அந்த முடிவை வெளியிட்டது.

இது மலைமேல் நடந்த பெரிய வேலை. வீட்டோடு நடந்த வேலை வேறு. பலாங்கொடைப் பக்கத்துக் கிராமங்களில் மூசையில் உருக்குச் செய்யும் குடும்பங்கள் அண்மைக்காலம் வரை இருந்தன. களிமண்ணில் நீண்ட குழாய் போல மூசை செய்வார்கள். அதற்குள் ஓர் இரும்புத் துண்டையும் கொஞ்சம் மரச்சுள்ளியையும் போட்டு, வாயை மண்ணால் மூடிக் கரி நெருப்பில் வைப்பார்கள். சுள்ளி கரியாகும், கரியின் சத்தை இரும்பு குடிக்கும், குடித்த இரும்பு இளகி உருக்காகும். எப்போது எடுப்பது என்பதற்கு அளவுகருவி எதுவும் இல்லை. கண்ணும் காதும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி தேடிப் போனபோது, செய்து காட்ட ஒருசில முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள். அவர் எழுதி வைத்து, 1908இல் நூலாக்கியதால் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. பத்து வருஷம் பிந்தியிருந்தால் அதுவும் இல்லை.

வீட்டுப் பட்டறையின் அன்றாடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ரொபர்ட் நொக்ஸிடம் போக வேண்டும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தவர். அவர் காட்டும் கொல்லர் முக்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு சின்னச் சுத்தியல், அவ்வளவுதான். வேலை கொண்டு வந்தவன்தான் கரியும் இரும்பும் கொண்டு வர வேண்டும், துருத்தி ஊத வேண்டும், சம்மட்டியும் அடிக்க வேண்டும். கொல்லர் இருந்த இடத்திலேயே இரும்பைத் திருப்பிக் கொடுத்து, இடையிடையே ஒரு தட்டுத் தட்டி வடிவத்துக்குக் கொண்டு வருவார். அராவும் வேலையையும் முதலில் அவனையே கல்லில் தேய்க்க விட்டு, கடைசியில் தன் அரத்தால் முடித்துக் கொடுப்பார். ஒவ்வொரு கொல்லருக்கும் இன்னின்ன ஊர் என்று உரிமை இருந்தது. அறுவடைக்கு நெல் வரும். விசேஷ வேலைக்குக் கோழியோ அரிசியோ தனியாக வரும். நொக்ஸுக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் இருந்ததுபோல் தெரிகிறது. எனக்கோ அந்தக் கடைசித் தட்டுக்குத்தான் இத்தனை மரியாதையும் என்று படுகிறது. மண்வெட்டி அடித்த அதே கைகள்தான் பித்தளை இழைத்த பாக்குவெட்டியையும் எழுத்தாணியையும் செய்தன. நூதனசாலைகளில் இன்று அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். செய்தவர் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆசாரி இருந்தார். லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டில், ஒரு பழைய தண்டவாளத் துண்டு, கையால் சுற்றும் காற்றாடி. லொறியின் வில்லுத் தகட்டை வெட்டிக் கவ்வாத்துக் கத்தி அடிப்பார். வாப்பாவின் கத்தியைக் கொண்டு போனால், “சும்மா நிக்காத தம்பி, அதைச் சுத்து” என்பார். நொக்ஸின் கொல்லரேதான்! தீட்டின கத்தியை மீண்டும் நெருப்பில் காட்டும்போது வைக்கோல் நிறம் ஓடும், பிறகு ஊதா வரும். எந்த நிறத்தில் தண்ணீரில் விடுவது என்று ஒருநாள் கேட்டேன்.

“கத்தி என்ன வெட்டப் போகுதுன்னு மொதல்ல சொல்லு” என்றார்.

அதை நான் எழுதி வைக்கவில்லை. அவர் மகன் கொழும்பில் வேலை செய்கிறார். கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மரக்கறித் தோட்டம்.