வண்டி தாழ்த்தும் வகை

எம் விடுதி நண்பர் ஒருவர்க்கு அவர்தம் தந்தையார், தாம் பல்லாண்டு ஓட்டிய செடான் மோட்டார் வண்டியைச் சென்ற விடுமுறையில் அளித்தனர். வண்டி கைக்கு வந்த மறுநாளே அதனைத் தாழ்த்திவிடல் வேண்டும் என்னும் அவா அவர்க்கு எழுந்தது. தாழ்ந்த வண்டி பார்வைக்கு அழகியது. வளைவுகளிற் சாயாது செல்வது. இவ்விரண்டுமே அவர் கூறிய காரணங்கள். தாழ்த்துதற்குரிய வழிகளும் இரண்டு. பழைய சுருள்விற்களைக் கழற்றிக் குட்டையானவற்றை வைப்பது ஒன்று. இதற்கு லோயரிங் ஸ்பிரிங் என்று பெயர். வில்லும் அதிர்வடக்கியும் சேர்ந்து, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கொண்ட அமைப்பை முழுதும் மாற்றுவது மற்றொன்று. அது காயிலோவர் எனப்படும். இவற்றுள் யாது கொள்ளத்தக்கது என்று அவர் எம்மை வினவினார். தமிழ் பயில்வார் இதற்கு விடை கூறப் புகுதல் நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும், பௌதிகம் பயிலும் தோழர் ஒருவரையும் பட்டறை முதியவர் ஒருவரையும் அடுத்துக் கேட்டு யாம் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

முதற்கண் வில்லின் தொழிலையும் அதிர்வடக்கியின் தொழிலையும் பிரித்தறிதல் வேண்டும். சுமை ஏற ஏற வில் அதற்குத் தக அமுங்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் வெளியிட்டார். வண்டியின் உடலைத் தாங்கி, பள்ளமும் மேடும் வருங்கால் அமுங்கி விரிவதே வில்லின் தொழில். ஆனால் அமுங்கிய வில் ஒருமுறை விரிந்து அடங்குவதில்லை. ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்று பட்டறையில் வழங்கும் அதிர்வடக்கி. அதனுள் பிஸ்டன் ஒன்று எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி ஒழிகிறது. எனவே வில் தாங்குவது, அடக்கி ஆற்றுவது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று அளவொத்தவையாய் இருத்தல் வேண்டும்.

குடும்பங்கள் செல்லும் செடான் வண்டிகளின் உடல், விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி விற்கள் அமைக்கப்படுகின்றன. மனிதர் நடக்குங்கால் உடல் ஏறியிறங்கும் அளவை ஒட்டியதாதலின், அவ்வாட்டம் நமக்கு வருத்தம் தருவதில்லை. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரம் மேலேறுதற்குரிய இடம் குறைகின்றது. குறைந்த இடத்திற்குள் அதே மேட்டின் தாக்குதலைத் தாங்க வேண்டுமாதலின் வில் கடினமானதாய் இருத்தல் வேண்டும். வில் கடினமாயின் அடக்கியும் வலியதாதல் வேண்டும். எத்துணை வலியது? வில்லின் கடுமையினது வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. வில்லின் கடுமை நூற்றுக்கு 30 மிகுந்தால், அடக்கியின் வலி நூற்றுக்கு 14 மிகுந்தாலன்றி ஆட்டம் முன்போல் அடங்காது. இச் சிறு கணக்கிலேயே நம் வினாவின் விடை பெரிதும் அடங்கியுள்ளது.

லோயரிங் ஸ்பிரிங் வில்லை மாற்றுகிறது, அடக்கியை மாற்றுவதில்லை. இறக்கம் சிறிதாய், 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவாய், இருந்து, அடக்கியும் புதியதாய் இருப்பின் குறையொன்றும் தோன்றாது. செலவு குறைவு; திருத்த வேண்டிய திருகு இல்லை; ஒருமுறை வைத்தபின் அதனை மறந்துவிடலாம். இறக்கம் மிகுந்தாலோ, அடக்கி ஓடித் தேய்ந்ததாய் இருந்தாலோ, நிலைமை வேறு. பிஸ்டன் தனக்குரிய நடுவிடத்தை விட்டுக் கீழே இயங்கும். பள்ளந்தோறும் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்த் தடையில் மோதும். மோதிய அக்கணம் வில் இல்லாத வண்டி போலாகிச் சக்கரத்தின் பிடி தளரும். புதிய வில்லும் வாங்காமல், பழைய வில்லையே அறுத்துக் குறைப்பார் சிலர். அஃது அறவே விலக்கத்தக்கது. அறுபட்ட முனை இருக்கையிற் பொருந்தி அமராது. சக்கரம் தொங்குங்கால் வில் இடம்பெயரவும் கூடும்.

இனிக் காயிலோவரைக் காண்போம். அடக்கியின் மேல் சுருள்வில் சூழ்ந்திருப்பது என்பதே அப் பெயரின் பொருள். இவ்வமைப்பு புதியதன்று. ஏர்ல் மக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியறிஞர் வகுத்த முறை, 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபோர்டு கான்சல், ஸெபிர் என்னும் வண்டிகளில் இடம்பெற்றது. இன்று பெரும்பாலான சிறு செடான்களின் முன்புறத்தில் இருப்பது அவ்வழி வந்ததே. ஆகவே தொழிற்சாலையினின்று வந்த வண்டியிலும் வில் அடக்கியைச் சூழ்ந்தே நிற்கின்றது. கடையில் தனியே விற்கும் காயிலோவரின் சிறப்பு வேறு: அடக்கியின் உடலில் மரை வெட்டப்பட்டிருக்கும், வில் அமரும் தட்டை அம் மரையின் வழியே ஏற்றவும் இறக்கவும் இயலும்.

அதனுள்ளும் இருவகை உண்டு. ஒன்றில் வில்லின் தட்டு மட்டுமே நகரும். மிகத் தாழ்த்தினால் அடக்கியின் ஓட்டம் இதிலும் குறையும். மற்றொன்றில் அடக்கியின் அடிப்பகுதியே தனி மரையில் நகரும். உயரம் மாறினும் ஓட்டம் குறையாது. வாங்குவோர் முதலிற் கேட்டறிய வேண்டுவது இவ்வேறுபாடே. வில்லும் அடக்கியும் ஒருவரே ஒன்றற்கொன்று இணையாகச் செய்தவையாதலின் முற்கூறிய பொருத்தக் குறை இங்கே நீங்குகின்றது. நான்கு சக்கரங்களின் மீதும் எடை எவ்வாறு பரவுகின்றது என்று நிறுத்து, ஒவ்வொரு மூலையையும் திருத்தவும் இயலும். பந்தயத் தளத்தில் ஓட்டுவார்க்கு இது பெரும்பயன். ஆனால் விலை பன்மடங்கு. மண்ணும் நீரும் மரையிற் புகுந்து துருவேறின் திருகு அசையாது. திருகு இருப்பதனாலேயே வண்டி நன்கு ஓடிவிடாது. திருத்தத் தெரியாதவர் கையில் அது பொருத்தத்தைக் கெடுக்கவும் வல்லது.

இருவழிக்கும் பொதுவான இடர்கள் சில. தாழ்ந்த வண்டி சாயாது என்பது முழு உண்மையன்று. வண்டியின் எடைமையம் இறங்குவது நன்மையே. ஆனால் மக்பெர்சன் அமைப்பில், உடல் எப்புள்ளியைச் சுற்றிச் சாய்கின்றதோ அப்புள்ளி அதனினும் மிகுதியாக இறங்குதல் பெரும்பான்மை. இரண்டிற்கும் இடையுள்ள தூரம் வளர்வதால் சாய்க்கும் விசையும் வளரும். கடினமான வில்லே அதனைத் தடுக்கின்றது. சக்கரங்களின் சாய்வும் நேர்மையும் மாறுவதால், வீல் அலைன்மென்ட் செய்யாவிடின் டயரின் உட்புறம் விரைந்து தேயும். மேலும், வில்லைக் கழற்றுவது விளையாட்டன்று. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3 கிலோ எடை வேண்டும் வில்லை 100 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால், அது 15 கிலோக் கல்லை ஒரு மீட்டர் உயரத்தினின்று போட்ட ஆற்றலைத் தன்னுள் அடக்கியிருக்கும். அமுக்கும் கருவி நழுவினால் அவ்வளவும் எதிரில் நிற்பார் மேல் பாயும்.

இவற்றையெல்லாம் கேட்ட நண்பர், “நம் சாலைக்கு எது ஏற்றது?” என்றார். அதற்கும் ஒரு கணக்கு இட்டுப் பார்த்தோம். ஹோண்டா சிட்டி வண்டியின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி 165 மில்லிமீட்டர். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 2,600. வில்லால் 35 குறைந்து, நால்வரும் பெட்டிகளும் ஏறியதால் 30 குறைந்தால் எஞ்சுவது 100. இந்திய நெடுஞ்சாலைக் கழகத்தின் அளவுப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அது படிப்படியாக வளைந்து உயர்வதால், வண்டி அதன் நடுவே நிற்குங்கால் சக்கரங்களும் தடையின் மேலேயே நிற்கும். அடிக்கு நேரே உயர்ந்து நிற்பது ஏறக்குறைய 50 மட்டுமே. வண்டி தப்பும். ஆனால் தெருவார் தாமே குறுகலாக எழுப்பிய தடை அதே 100 உயரம் இருப்பின், சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, முழு உயரமும் அடியை முட்டும். எஞ்சுவது ஒன்றுமில்லை. தாழ்த்தாத வண்டிக்கோ 35 மில்லிமீட்டர் மிச்சம். தொழிற்சாலையார் வைத்த உயரம் அறியாமையால் வைத்ததன்று என்பது இதனால் விளங்கும்.

சட்டமும் நோக்கத்தக்கது. பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதல் ஆகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. ஜெர்மனியிலோ இத்தகைய உறுப்புகள் சோதனைச் சான்றோடு விற்கப்படுகின்றன. பொருத்திய பின் வல்லுநர் வண்டியைப் பார்த்து ஒப்புதல் அளிக்கும் முறையும் உண்டு. அங்கு ஒருவர்க்கு எளிதாவது இங்கும் எளிதென்று கொள்ளுதல் பிழை.

ஆகவே எம் துணிபு இது. சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில், நாடோறும் ஓடும் செடானைச் சிறிதே தாழ்த்த விரும்புவார்க்கு, நற்பெயருடைய லோயரிங் ஸ்பிரிங்கும் அதற்கு இணையான புதிய அடக்கியும் போதும். பந்தயத் தளத்தில் ஓட்டுவார்க்கும், திருகைத் திருத்தும் அறிவும் பொறுமையும் உடையார்க்குமே காயிலோவர் பயன்படும். அழகு ஒன்றே கருதுவார் இரண்டிற்கும் பொருள் செலவிடுதல் வீண்.

நண்பர் யாது செய்தார் எனின், அவரைப் பட்டறை முதியவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் வண்டியின் முன்மூலையை இருகையாலும் அழுத்தி விட்டார். வண்டி மூன்று நான்கு முறை ஆடியே நின்றது. “தம்பி, வண்டி உயரம் என்று ஏன் வருந்துகிறீர்? அடக்கி செத்துக் கிடக்கிறது” என்றார் அவர். அவ்வாட்டத்தோடு தந்தையார் எத்தனை ஆண்டு குடும்பத்தாரை ஏற்றிச் சென்றாரோ என்று நண்பர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், தொழிற்சாலை அளவிலேயே நான்கு புதிய அடக்கிகள் பொருத்தப்பெற்றன. வண்டி விரலளவும் தாழவில்லை. வளைவுகளில் முன்போல் அலைவதும் இல்லை. சென்ற ஞாயிறு அவர் தம் பாட்டியாரை அதில் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றார். வழியில் வேகத்தடை ஏழு உண்டாம். ஒன்றிலும் அடி முட்டவில்லை என்று வந்து சொன்னார்.